மீந்த துணி

கடையில் இன்னும் பதினொரு கெஜம் இருக்கிறது.
கெஜத்துக்கு மூன்று முகம்.
முப்பத்து மூன்று தடவை
அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.
வெள்ளிக்கிழமை மதியம் வரை ஜனாதிபதி.

செரக்குண்டா சந்தையில்
மகளிர் அணிக்குச் சீருடை தைத்தவள் நான்.
கக்கத்தில் அவர் நெற்றி வராமல்
உட்காருமிடத்தில் அவர் வாய் வராமல்
வெட்டத் தெரிந்தவள் என்று பேர்.
தப்பாக வெட்டிய தௌதாவை
இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்.
திரும்பி வந்தவன்
அதற்கப்புறம் பட்டன் மட்டும் தைத்தான்.

எங்களுக்கு ஓட்டுச்சீட்டு கிடையாது, கோலிக்குண்டு.
ஆளுக்கு ஒன்று கையில் தருவார்கள்.
மறைப்புக்குப் பின்னால் பீப்பாய்கள்,
கட்சிக்கொரு நிறம்.
குழாயில் போட்டால் உள்ளே மணி அடிக்கும்.
இரண்டு தடவை அடித்தால் பிடித்துக்கொள்வார்கள்.
அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் வரக் கூடாது,
மணி குழம்பிவிடும்.

நான் உடுத்திப் போனதும் இதே துணிதான்.
மார்பில் ஒருவர், முதுகில் ஒருவர்.
மேல்துண்டை இழுத்து
மார்பிலிருந்தவர் கண்ணை மூடிவிட்டு
அடுத்த பீப்பாயில் குண்டை விட்டேன்.
டிங்.
பத்தொன்பது வருஷத்துக்கு
அவ்வளவுதான் சத்தம்.

முடிவு சொன்னபோது கரண்ட் இல்லை.
யாரோ ஒருவரின் டாக்சியில் ரேடியோ,
அதைச் சுற்றி தெருவே குனிந்து நின்றது.
பிறகு எல்லாம் ஓடியது.
மீன் விற்கிற நியிமா
இரண்டு செருப்பையும் தலைக்கு மேலே தட்டிக்கொண்டு ஓடினாள்.
நானும் முக்கு வரை ஓடினேன்.
அங்கே நின்றுவிட்டேன்.
அழுகை வரும் என்று நினைத்திருந்தேன்.
வந்தது கொட்டாவி.
ஒன்றல்ல, ஏழெட்டு,
தாடை வலிக்கிற மாதிரி.

அன்றிரவு சிர்ரா வந்தாள், என் தம்பி பெண்டாட்டி.
கையில் கெப்பாவின் கால்சட்டை.
"இடுப்பைப் பிடித்துக் கொடு.
உள்ளே மெலிந்திருப்பான்."
தேநீரின் மூன்றாவது சுற்றில்
ஒரு ஜோக் சொன்னவன் கெப்பா.
ஜோக் நன்றாகக்கூட இல்லை.
இரண்டு அங்குலம் பிடித்துக் கொடுத்தேன்.
தேய்த்தும் கொடுத்தேன்.

சிறைக் கதவு திறந்தது.
நாலு நாள் வாசலில் பேர் படித்தார்கள்.
பாலைக்காற்றின் புழுதியில்
கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நிறத் தலைமுடி.
ஐந்தாம் நாள் படிக்கப் பேர் இல்லை.
பிடித்த தையலைப் பிரிக்கட்டுமா என்று
நான் கேட்கவில்லை.
அவளும் கொண்டு வரவில்லை.

நேற்று ஜெயித்த கட்சியிலிருந்து ஆள் வந்தார்.
பதவியேற்புக்கு நானூறு சட்டை.
பாதிப் பணம் முன்னால்,
எண்ணாமலே கொடுத்தார்.
புது முகம். நல்ல முகம்தான்,
என் குண்டு விழுந்த முகம்.
"முகம் எங்கே வரணும்னு
உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?"
தப்பாக வெட்டினால் என்றேன்.
வாய்விட்டுச் சிரித்தார்.
"அதெல்லாம் போன ஆட்சி, அக்கா."
எனக்கும் சிரிப்பு வந்தது,
பத்தொன்பது வருஷமாக யாரும்
கடைக்குள் நின்று இப்படிச் சிரித்ததில்லை.

படியிறங்கப் போனவர்
அலமாரியைப் பார்த்தார்.
"அந்தத் துணி
ஏன் இன்னும் இருக்கு?"

கெஜம் நாற்பது தலாசி ஐயா என்றேன்.
தலையாட்டினார். போனார்.
சும்மா கேட்டிருப்பார்.
சும்மாதான்.

ராத்திரி புதுத் துணியை மேஜையில் விரித்தேன்.
சுண்ணக்கட்டி எடுக்கும் முன்பே
கை தானாக அவர் வாயைத் தேடியது,
எங்கே வரக் கூடாதோ
அங்கே வராமல் இருக்க.
கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பதை
ஒழுங்காக வெட்டுவேன்.
ஒன்றை மட்டும் பாவாடையாக,
உட்காருமிடத்தில் சரியாக வாய் வருகிற மாதிரி
வெட்டி வைத்திருக்கிறேன்.
என் அளவு.
விழாவுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.
பார்ப்போம்.